குலினாவுக்குப் புரியாத பாதி

ஐம்பது வயது மனுஷி ஒருத்தி, கண்ணாடி போட்டவள், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவள், உங்கள் எதிரே உட்கார்ந்து தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, "இதுக்கு உங்க ஊர்ல என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டால் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். பாவம், படித்துப் படித்து எங்கோ ஒரு மறை கழன்றுவிட்டது.

ரயீசா மகாரவ்னா எங்கள் லோஸ்கி கிராமத்துக்கு வந்தது அறுபத்தேழில், வெள்ளம் வடிந்து புல் அறுப்பு தொடங்குவதற்கு முந்தின வாரம். மின்ஸ்கிலிருந்து ரயில், ஸ்டேஷனிலிருந்து படகு. படகிலிருந்து முதலில் இறங்கியது ஒரு டேப் ரெக்கார்டர். ஆறு மாதப் பன்றிக்குட்டி கனம். அடுத்தது தலையணை பருமனுக்கு ஒரு நோட்டு. கடைசியில்தான் அந்த அம்மாள், முழங்கால் வரைக்கும் சேற்றோடு.

அந்த நோட்டில் மூவாயிரத்துச் சொச்சம் கேள்விகள் இருந்தன. எங்களைப் போன்ற பேச்சு பேசுகிற ஊர்கள், ஜெர்மன்காரன் எல்லையிலிருந்து தெற்கே ஆலிவ் விளையும் கடற்கரை வரைக்கும், எண்ணூறுக்கு மேல் பொறுக்கி எடுத்திருந்தார்களாம். எல்லா ஊரிலும் அதே கேள்விகள். பதில்களை ஒரு பெரிய வரைபடத்தில் போடுவார்களாம். ஊருக்கு ஒரு புள்ளி. எங்கள் சதுப்பு நிலப் பக்கம் முழுவதற்கும் ஒரே ஒரு புள்ளிதான். அது லோஸ்கியா, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பெரெவோஸா என்பதை அந்த அம்மாள் இன்னும் முடிவு செய்யவில்லை.

பெரெவோஸ் என்ற பேரைக் கேட்டதுமே எங்கள் கூட்டுப்பண்ணைத் தலைவர் ப்ரோகாப்புக்கு ரத்தம் கொதித்துவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் எங்கள் புல்வெளியில் மாடு மேய்த்தவர்கள். உடனே ஊரைக் கூட்டினார்.

பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு நிபந்தனைகள் வேறு. இந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும். அப்பா அம்மாவும் இந்த ஊராக இருக்க வேண்டும். வெளியூரில் போய் இருந்திருக்கக் கூடாது. நன்றாகப் பேச வேண்டும். பேசுவதற்குத் தெக்லா நான் ஒருத்தி இருக்கும்போது வேறு யார்? எழுந்து முன்னால் போனேன்.

"கொஞ்சம் வாயைத் திறங்க," என்றார் ரயீசா.

"எதுக்கு? நான் என்ன சந்தைக்கு வந்த குதிரையா?"

"பல் பார்க்கணும். முன்பல் இல்லேன்னா சில ஒலி சரியா விழாது."

எனக்கு முன்பல் மூன்று இல்லை. "இந்த வாயை வெச்சுத்தான் இத்தனை வருஷமா ஊரையே மேய்ச்சுக்கிட்டு இருக்கேன். இதுவரைக்கும் யாரும் எனக்குப் புரியலைன்னு சொன்னதில்ல," என்றேன்.

"புரியாம இருந்தாத்தான் நிம்மதியா இருந்திருப்போம்," என்றார் ப்ரோகாப். கூட்டம் சிரித்தது. போதாக்குறைக்கு, நான் பின்ஸ்க் நகரத்தில் மூன்று வருஷம் வீட்டு வேலை பார்த்ததையும் எவளோ பின்னாலிருந்து போட்டுக்கொடுத்தாள். என் கதை அங்கேயே முடிந்தது.

"குலினாவைக் கூப்பிடுங்க," என்றார் ப்ரோகாப்.

குலினா என் அண்ணி. என் அண்ணன் தனிலாவின் மனைவி. அண்ணன் போருக்குப் போய்த் திரும்பவில்லை. ஐம்பத்தாறு வயதிலும் அவள் வாயில் ஒரு பல் ஆடவில்லை. பேச்சு என்றால், நின்று நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் துடைத்து எடுத்து வைப்பாள். ஊரில் நாங்கள் மறந்துபோன சொல் ஏதாவது வேண்டுமென்றால் அவளிடம்தான் போவோம்.

"இவங்க இந்த ஊர்தானே?" என்று கேட்டார் ரயீசா, பேனாவைத் திறந்துகொண்டு.

"இந்த ஊர்தான்," என்றார் ப்ரோகாப். "இந்த ஊர்தான்," என்றது மொத்தக் கூட்டமும். நானும் சொன்னேன். அறுபதைத் தாண்டியவர்கள் அந்தக் கூட்டத்தில் பதினைந்து பேராவது இருந்திருப்பார்கள். எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஒருத்தர் முகத்திலும் ஒரு சுளிப்பு இல்லை.

பொய் சொன்னோம் என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊரில் ஒரு வழக்கம். வசந்தத்தில் வெள்ளம் வந்தால் லோஸ்கி தீவாகிவிடும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டக்கூடப் படகில் போக வேண்டும். வெளியிலிருந்து வந்தவர், மருமகளோ, கொல்லரோ, யாராக இருந்தாலும் எங்களோடு மூன்று வெள்ளம் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு "எங்கிருந்து வந்தே?" என்று அவரைக் கேட்கக் கூடாது. கேட்டால் கேட்டவனுக்குத்தான் அசிங்கம். அவர் இங்கத்தியவர். அவ்வளவுதான்.

அண்ணி வந்தது முதல் உலக யுத்தத்தில். ஜெர்மன்காரன் வருகிறான் என்று மேற்கேயும் வடக்கேயும் இருந்த ஜனமெல்லாம் ரயில் ரயிலாக ஓடிக்கொண்டிருந்த வருஷம். அனீசிம் என்று ஒருவர், பிள்ளை இல்லாதவர், ராணுவக் குதிரைகளுக்குப் புல் கொண்டுபோய் ஸ்டேஷனில் இறக்கினார். அங்கே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மூட்டைமேல் நாலு வயதுக் குழந்தை உட்கார்ந்திருந்தது. மறுநாள் இரண்டாவது நடைக்குப் போனபோதும் அதே மூட்டை, அதே குழந்தை. அதன் அம்மா வெந்நீர் பிடிக்கப் போனவள் வரவில்லை என்றான் ரயில்வே காவலாளி. ரயில் கிளம்பிவிட்டதா, காலரா என்று அள்ளிக்கொண்டு போன வண்டியில் அவளையும் ஏற்றிவிட்டார்களா, யாருக்குத் தெரியும்? அனீசிம் குழந்தையைத் தூக்கினார். அது அவர் கையை ரத்தம் வரக் கடித்தது. அப்படியே தூக்கிப் படகில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

வந்ததும் காய்ச்சல். இரண்டு மாதம் கிடந்து பிழைத்தபோது தலையில் முடியும் இல்லை, வாயில் பேச்சும் இல்லை. அனீசிமின் மனைவி தோம்னாதான் குலினா என்று பேர் வைத்தாள். பழைய பேர் என்னவோ, அது குழந்தைக்கே நினைவில்லை.

பிறகு ஒருநாள் விரலை நீட்டினாளாம். அடுப்பைக் காட்டினாள், தோம்னா பேர் சொன்னாள். கரண்டியைக் காட்டினாள், பேர் சொன்னாள். அன்றைக்குத் தொடங்கியது நிற்கவே இல்லை. கலப்பையில் ஒவ்வொரு உறுப்பாகத் தொட்டுக் கேட்பாள். படகின் வயிற்றுப்பலகை, வலையின் ஓரக்கயிறு, பசுவின் கொம்புக்கு நடுவில் இருக்கும் சுழி, எல்லாவற்றுக்கும் பேர் வேண்டும். பனிக்கட்டி மெல்லிசாக இருந்தால் ஒரு பேர், குதிரை தாங்கும் என்றால் வேறு பேர் என்பதை அவள் கேட்டதால்தான் எங்கள் அப்பாவே யோசித்துப் பார்த்தாராம். பேர்கேட்பி என்று ஊரே கேலி செய்தது. இங்கேயே பிறந்த நாங்கள் எதைக் கேட்டோம்? காதில் விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டோம், பாதியைத் தொலைத்தோம். அவள் ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கினாள்.

அவளுக்கு இருபது வயதிருக்கும்போது எங்கள் பக்கம் போலந்து ஆட்சி. ஜனத்தொகைக் கணக்கு எடுக்க ஒரு குமாஸ்தா வந்தான், பளபளவென்று பூட்ஸ் போட்டுக்கொண்டு.

"என்ன இனம்? போலந்தா, ருஷ்யாவா?"

"இங்கத்தியவங்க," என்றார் அனீசிம்.

"என்ன மொழி?"

"எங்க பேச்சு."

"உங்க பேச்சுக்குப் பேர் இல்லையா?"

"பேர் எதுக்கு? அதைக் கூப்பிடவா போறோம், பேசத்தானே போறோம்."

குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டு அப்படியே எழுதினான். எங்கள் பக்கத்தில் லட்சக்கணக்கான பேர் அந்த வருஷம் அதே பதிலைத்தான் சொன்னார்களாம். "இந்தப் பொண்ணு?" என்று அண்ணியைக் காட்டிக் கேட்டான். "அவளும் இங்கத்தியவ," என்றார் அனீசிம். அரசாங்கக் காகிதத்தில் அன்றே ஏறிவிட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ரயீசா அண்ணியின் வீட்டிலேயே தங்கினார். காலையிலிருந்து கேள்வி. அந்த அம்மாளுக்கு ஒரு கட்டுப்பாடு: சொல்லைத் தன் வாயால் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் எதிராளி அதையே திருப்பிச் சொல்லிவிடுவார். அதனால்தான் மூக்கைத் தொட்டுக் காட்டினார். படம் போட்டுக் காட்டுவார், நொண்டிக் காட்டுவார், இருமிக் காட்டுவார். ஒருநாள் கோழி அடைகாப்பதைக் கேட்பதற்காக முக்காலியில் குந்தி உடம்பைப் புஸ்ஸென்று உப்பிக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே நின்ற நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"கன்னு போட்டதும் முதல்ல கறக்குற பாலு, மஞ்சளா, கெட்டியா?"

அண்ணி சீம்பாலுக்கு எங்கள் சொல்லைச் சொன்னாள். ரயீசா எழுதிக்கொண்டார்.

"மத்த ஊர்ல இதுக்கு என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"வேலை முடிஞ்சப்புறம் சொல்றேன்."

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் நோட்டை மூடியதும் அண்ணி கேள்வி கேட்பாள், ரயீசா பதில் சொல்வார். பிளாட்ஃபாரத்தில் குருவி உட்கார்ந்தாற்போல் நாங்களும் வேலியோரம் உட்கார்ந்துகொள்வோம். சீம்பாலுக்கு எண்ணூறு ஊரிலும் ஏறக்குறைய ஒரே சொல்தானாம். மலைக்காரன் கொஞ்சம் வளைத்துச் சொல்வான், கடற்கரைக்காரன் கொஞ்சம் நீட்டிச் சொல்வான். ஊருக்கும் கோட்டைக்கும் நாங்கள் ஹோரத் என்கிறோம். தெற்கே போனால் க்ராத். மேற்கே போனால் க்ருத்.

"எல்லாம் ஒண்ணுதானா?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுதான். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தி எல்லாரும் பேசினது ஒரே பேச்சு. ஒருத்தர் பேசினா இன்னொருத்தருக்குப் புரியும். அப்புறம் கூட்டம் கூட்டமாப் பிரிஞ்சு போனாங்க. சிலர் தெற்கே டான்யூப் ஆத்தைத் தாண்டி, சிலர் மேற்கே, சிலர் வடக்கே ஏரிப்பக்கம். போன இடத்துல போனபடி பேச்சு மாறிடுச்சு."

"எங்கேருந்து போனாங்க?" என்று நான் கேட்டேன்.

"அதுதான் பெரிய சண்டை," என்று சிரித்தார் ரயீசா. "மேற்கே பீச்னு ஒரு மரம் இருக்கு. நம்ம ஆளுங்களுக்கு அதுக்குச் சொந்தமாப் பேர் கிடையாது, ஜெர்மன்காரங்ககிட்ட கடன் வாங்கியிருக்காங்க. அப்படின்னா முதல்ல இருந்த இடத்துல அந்த மரம் இல்ல. ஆனா சதுப்பு, அதுல வளர்ற ஆல்டர் மரம், வில்லோ மரம், நீர்நாய், வாத்து, இதுக்கெல்லாம் எல்லா ஊர்லயும் சொந்தச் சொல் இருக்கு. உங்க ஊர்ல பீச் மரம் இருக்கா?"

"அந்தச் சனியனைக் கண்ணால பார்த்ததே இல்ல," என்றார் ப்ரோகாப்.

"அதனால சிலர் என்ன சொல்றாங்கன்னா, எல்லாம் புறப்பட்ட இடம் இந்தச் சதுப்புதான்னு. இல்ல, இன்னும் தெற்கேங்கறாங்க சிலர். இல்லவே இல்ல, மேற்கேங்கறாங்க சிலர். எனக்குத் தெரியாது. அதுக்குத்தான் இந்த நோட்டு."

ப்ரோகாப் எழுந்து நின்றுவிட்டார். "இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு? போனவங்க போனாங்க. நாம நகரவே இல்ல. இருந்த இடத்துலயே இருக்கோம்!"

ஊருக்கே தலைகால் புரியவில்லை. அடுத்த நாள் ரொட்டிக்கான சொல்லே ஜெர்மன்காரர்களுடைய மூதாதையிடம் வாங்கினது என்று அந்த அம்மாள் சொன்னபோதுதான் கொஞ்சம் இறங்கி வந்தோம். "ரொட்டிக்குக்கூடவா பேர் இல்லாம இருந்தோம்? அதுவரைக்கும் அதை எப்படித்தான் கேட்டு வாங்கித் தின்னாங்களாம்?" என்று எனக்கு ஆறவே இல்லை.

இத்தனை கும்மாளத்திலும் அண்ணி மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். நான் அப்போது கவனிக்கவில்லை. எனக்கு எங்கே கவனம், மூன்று பல் போன வயிற்றெரிச்சலிலேயே இருந்தேனே.

ஏழாம் நாள் சாயங்காலம் ரயீசா வேறொரு கதை சொன்னார். போன வருஷம் ஏதோ ஊரில் பன்னிரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாராம். கடைசி நாளில், பதில் சொன்ன கிழவி பிறந்தது அந்த ஊரே இல்லை என்று தெரிந்ததாம். "மொத்தத்தையும் தள்ளிட்டு, அடுத்த ஊருக்குப் போய் முதல்லேருந்து தொடங்கினேன். வேற வழியில்ல. ஒரு புள்ளி பொய்யா இருந்தா, பக்கத்துல இருக்கற இருபது புள்ளியையும் நம்ப முடியாது."

"இங்க அந்தக் கவலையே வேணாம்," என்றார் ப்ரோகாப்.

மறுநாள் மாட்டுக்கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தேன். அண்ணி வந்து பக்கத்தில் குந்தினாள்.

"தெக்லா, ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"நான் சிரிச்சாத்தான் என்ன, பல்லா தெரியப் போகுது? சொல்லு."

அவள் ஒரு வாக்கியம் சொன்னாள். மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு. "ஸேதி தே. எஸ் அத்னாக்ஷு."

"என்ன அண்ணி இது?"

"எங்க அம்மா சொன்னது. ஸ்டேஷன்ல. அவ முகம் எனக்கு ஞாபகம் இல்ல, எம்பேரு ஞாபகம் இல்ல. காய்ச்சல்ல எல்லாம் போயிடுச்சு. இது மட்டும் போகல. தினமும் ஒருதரம் மனசுக்குள்ள சொல்லிப் பார்ப்பேன், மறந்துடக் கூடாதுன்னு. தனிலாகிட்டகூடச் சொன்னதில்ல."

பசு காலை உதறியது. நான் கறப்பதை நிறுத்தியிருந்தேன்.

"முதல் பாதி எனக்குத் தெரியும்," என்றாள் அண்ணி. "எட்டு வயசுல தெரிஞ்சுது. தோம்னா அம்மா அடைக்கோழியை முட்டைமேல வெச்சுட்டு 'ஸிதி துத்'துன்னாங்க. இங்க உட்காருன்னு. எனக்கு உடம்பெல்லாம் தூக்கிப் போட்டுடுச்சு. அதேதான் தெக்லா, கொஞ்சம்தான் மாறியிருக்கு. எங்க அம்மா என்னை இங்க உட்காருன்னு சொல்லியிருக்கா. ஆனா மீதிப் பாதி? ஊர்ல இருக்கற அத்தனை சொல்லையும் கேட்டுப் பார்த்துட்டேன். எதோடயும் ஒட்டல."

நாற்பத்தெட்டு வருஷம்! அவள் விரல் நீட்டி நீட்டிப் பேர் கேட்டதெல்லாம் வெறும் ஆசைக்கு இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்னோடு சண்டை போட்டிருக்கிறாள், சேர்ந்து அழுதிருக்கிறாள், இதை மட்டும் விழுங்கி வைத்திருந்திருக்கிறாள்.

"அந்த அம்மாளுக்கு நிச்சயம் தெரியும். போய்க் கேளு."

"எப்படிக் கேப்பேன்? கேட்டா நான் யாருன்னு தெரிஞ்சுடும். எட்டு நாள் எழுதினது வீணாகும். புள்ளி பெரெவோஸுக்குப் போயிடும். ப்ரோகாப் எவ்வளவு குதிக்கிறாரு, பார்க்கறே இல்ல? இது என்னை வளர்த்த ஊருடி."

"அப்ப கேக்காதே."

"நாளன்னிக்கு அவங்க போயிடுவாங்க. இப்படிப்பட்ட படிப்பாளி இனிமே இந்தச் சேத்துக்கு எப்ப வருவா?" அவள் குரல் இறங்கிவிட்டது. "பயமாவும் இருக்கு. இங்க உட்காரு, யாராவது வந்து எடுத்துட்டுப் போவாங்கன்னு இருந்தா? இங்க உட்காரு, நான் போறேன்னு இருந்தா? வேணாம்னுதான் உட்கார வெச்சுட்டுப் போனாளா, தெக்லா?"

பால் வாளியைத் தள்ளி வைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் மதியம் வழியனுப்பு விருந்து. அண்ணி வீட்டு முற்றத்தில் மேஜைகளை ஒட்டிப் போட்டோம். உருளைக்கிழங்கு அடை, உப்பில் போட்ட பன்றிக்கொழுப்பு, உலர்த்திய ஆற்றுமீன், ப்ரோகாப் தன் கையால் காய்ச்சிய சரக்கு. நோட்டு முடிந்துவிட்டது. அதை ரயீசா பக்கத்தில் நாற்காலிமேல் வைத்திருந்தார், அதற்கும் ஒரு தட்டு வைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். முதல் பக்கத்தில் அண்ணியின் பேரும், பிறந்த ஊர் லோஸ்கி என்றும் எழுதியிருந்தது.

இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. என்னைத்தான் ஏற்கெனவே தள்ளிவிட்டார்களே. நான் யாராக இருந்தால் நோட்டுக்கு என்ன?

எழுந்து நின்றேன். "ரயீசா மகாரவ்னா, எங்க அம்மா ஒரு வாக்கியம் சொல்லுவாங்க. எங்க அம்மா வெளியூர்க்காரி. எந்த ஊரோ, யாருக்கும் தெரியாது. அது என்ன பாஷைன்னு சொல்லுங்க."

மேஜை முழுக்க என் பக்கம் திரும்பியது. என் அம்மா லோஸ்கியை விட்டு ஒருநாள்கூட வெளியே படுத்தவள் இல்லை. இது ஊருக்கே தெரியும். "உங்க அம்மா எப்படி வெளியூர்?" என்று ப்ரோகாப் தொடங்கினார். மேஜைக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன்.

சொல்லத் தொடங்கினேன். ஒரே ஒருதரம்தானே கேட்டது. "ஸேதி தா... அஸ்... அஸ் நாக்..." நாக்கு புரளவில்லை.

ரயீசா முன்னால் சாய்ந்தார். "இன்னொருதரம் சொல்லுங்க."

சொன்னேன். முன்னதைவிட மோசம்.

"உட்காருன்னு ஏதோ வருது. மத்தது பிடிபடலையே. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சரக்கு பேசுது அம்மா, விட்டுடுங்க," என்றார் ப்ரோகாப். எல்லோரும் சிரித்தார்கள். ரயீசாவும் சிரித்துவிட்டு மீன் பக்கம் திரும்பினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஊர் முன்னால் பெற்ற தாயை வெளியூர்க்காரி ஆக்கியும் காரியம் நடக்கவில்லையே!

அப்போது அண்ணி பேசினாள்.

"ஸேதி தே. எஸ் அத்னாக்ஷு."

சத்தமாக இல்லை. ஆனால் அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஐம்பத்தாறு வயதுப் பெண்ணின் குரல் இல்லை அது.

ரயீசா முள்கரண்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "இது யாரோட அம்மா சொன்னது?"

எங்கள் ஊரில் யாரும் கேட்கக் கூடாத கேள்வி. அந்த அம்மாளுக்கு அது தெரியாதே. ஒருத்தரும் தட்டிலிருந்து தலை எடுக்கவில்லை.

"எங்க அம்மா," என்றாள் அண்ணி.

"இது வடக்கே இருக்கற லாத்வியாக்காரங்க பேச்சு," என்றார் ரயீசா மெல்ல. "நம்ம பேச்சு இல்ல. ஆனா நமக்கு ரொம்ப நெருங்கின சொந்தம். நான் சொன்னேனே, ஒரே பேச்சா இருந்த காலம், அதுக்கும் ரொம்ப முந்தி, இவங்களும் நம்மளும் ஒரே வீட்டுல இருந்தோம்னு சொல்றவங்க இருக்காங்க. பக்கத்து வீடுன்னு சொல்றவங்களும் உண்டு. தலை, கை, குளிர்காலம், உட்காரு, இந்த மாதிரிச் சொல்லெல்லாம் அதனாலதான் ரெண்டு பக்கமும்..."

"அம்மா, தாயே!" என்று கத்திவிட்டேன். "பாடத்தை அப்புறம் நடத்துங்க. மீதிப் பாதி என்ன?"

ரயீசாவின் முகம் சிவந்துவிட்டது. அண்ணி பக்கம் திரும்பி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"இங்க உட்காரு. நான் திரும்பி வருவேன்."

அண்ணி அசையவில்லை. "வருவேன்னா?"

"வருவேன்னுதான்."

"போறேன்னு இல்லையே?"

"இல்ல."

"யாராவது வந்து எடுத்துட்டுப் போவாங்கன்னு?"

"இல்ல, குலினா. எஸ்னா நான். நானே திரும்பி வருவேன்னு சொல்லியிருக்காங்க."

முதலில் சுதாரித்தது ப்ரோகாப். "சரி சரி, அதெல்லாம் பழைய கதை. அவ எங்க ஊர்தான் அம்மா. ஐம்பத்திரண்டு வெள்ளம் பார்த்திருக்கா. எங்க ஊர்ல மூணு போதும்!"

"இங்கத்தியவதான்!" என்றது கூட்டம். அடுப்படியிலிருந்து வந்து சொன்னார்கள், வேலிக்கு வெளியிலிருந்து சொன்னார்கள். "அனீசிம் வீட்டுப் பொண்ணு!" "போலந்துக்காரன் காகிதத்துலயே இருக்கு!" நானும் தொண்டை கிழியக் கத்தினேன். புள்ளிக்காக இல்லை. சத்தியமாக இல்லை.

ரயீசா நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திறக்கவில்லை. பத்து நாள் உழைப்பு அது. மேலே கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அந்த அம்மாளைப் பார்க்கவும் பாவமாக இருந்தது.

"இவ்வளவு பேர் சொல்றாங்க," என்றார் கடைசியில். "என் வாழ்நாள்ல உங்களை மாதிரி ஒரு ஆளை வெச்சு நான் எழுதினதே இல்ல. ஆனா உங்க வாயால ஒருதரம் கேட்டுக்கறேன். நீங்க இங்கத்தியவங்கதானே?"

ப்ரோகாப் அண்ணியைப் பார்த்துப் பலமாகத் தலையாட்டினார். ஆமா என்று ஒரு சொல் சொன்னால் போதும், நோட்டு மின்ஸ்க் போய்ச் சேர்ந்திருக்கும்.

அண்ணி எழுந்து நின்றாள். தலைத்துணியை அவிழ்த்துச் சரியாகக் கட்டிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வழிகிறது, முகமோ கல்யாணத்தன்று இருந்ததைவிடப் பிரகாசமாக இருக்கிறது.

"மன்னிச்சுக்குங்க எல்லாரும். பிறந்த ஊரை அடிச்சு எழுதுங்க அம்மா, நான் இங்கத்தியவ இல்ல," என்றாள். "என்னை யாரும் போட்டுட்டுப் போகல. எனக்கு அம்மா இருந்தா. வரேன்னு சொல்லிட்டுத்தான் போனா."